தரை தெரியாத நிலையம்

அடுத்தவர் கழுத்தில் கத்தி வைத்தே பிழைப்பு நடத்தியவர் சலூன்காரர். அவருக்குத் தன் கழுத்தில் யாராவது கத்தி வைப்பார்கள் என்ற நினைப்பு வந்ததுமே கை தானாகப் போய்த் தொண்டையைப் பொத்திக்கொண்டது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கத்தியைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரியாது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த காலையில் கத்தி ஒரு மாதிரி போகும். உடம்பு காய்கிற நாளில் வேறு மாதிரி போகும். வாடிக்கையாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு தொண்டையைக் காட்டிச் சாய்ந்து கிடப்பதெல்லாம் இந்த விஷயம் அவர்களுக்குத் தெரியாததால்தான். தெரிந்தவர் எப்படிச் சாய்வார்?

வந்தது கழுத்து வலி. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆயுசு பூராவும் குனிந்தே நின்ற கழுத்து வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டார். விரல் நுனியில் சுருசுருவென்று எறும்பு ஊர ஆரம்பித்த பிறகுதான் மனைவி அவரை எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கழுத்தெலும்புக்குள்ளே நரம்புத் தண்டு போகிற பாதை குறுகிப்போயிருக்கிறது என்றார். வண்டி போகிற சந்தில் இரண்டு பக்கமும் வீட்டை இழுத்துக் கட்டிவிட்ட மாதிரி என்று விளக்கமும் சொன்னார். அப்போ கத்தி வைக்கணுமா என்று சலூன்காரர் கேட்டார்.

"இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்," என்றார் டாக்டர். "மாத்திரை தர்றேன், பயிற்சி பண்ணுங்க, கொஞ்ச நாளைக்கு மட்டும் கழுத்துப் பட்டை போட்டுக்குங்க. நிறைய பேருக்கு இதுவே போதும். ஆனா கையில பிடி குறைஞ்சாலோ, நடை தடுமாறினாலோ, தள்ளிப்போடாம ஓடி வந்துடணும். அப்போ இதெல்லாம் பத்தாது."

சலூன்காரர் காதில் 'ஆபரேஷன் வேண்டாம்' என்பதோடு கதவு சாத்திக்கொண்டது. மீதியை மனைவிதான் கேட்டுக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் கட்டடத்துக்கு நேர் எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், 'கத்தியில்லாக் கழுத்து நல நிலையம்' இருந்தது. பெயரைப் படித்ததுமே சலூன்காரருக்குப் பாதி வலி போய்விட்டது. பயந்தவனுக்குப் பெயர்ப்பலகை போதும் என்பது அந்த நிலையத்தாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அதனால் பலகையைப் பெரிதாகவே எழுதியிருந்தார்கள்.

வாசல் காவலாளி கழுத்தில் பட்டை மாட்டியிருந்தார். பாவம், இவருக்கும் வலியா என்று கேட்டதற்கு, வலியெல்லாம் இல்லை, இது நிலைய விதி என்றார். உள்ளே போனபின் விதி முழுசாக விளங்கியது. நிலையத்துக்குள் எந்தக் கழுத்தும் எந்தப் பக்கமும் வளையக் கூடாது. நோயாளிக்குத் தைரியம் வரவேண்டும் என்பதற்காக இயக்குநர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோரும் பட்டை போட்டாக வேண்டும். யாரும் குனியக் கூடாது என்பதால் அறிவிப்பு, கடிகாரம், மின் சுவிட்ச், டீ டம்ளர் எல்லாமே கண்ணுக்கு நேர் உயரத்தில் இருந்தன. கட்டையாக இருந்த மருந்தாளர் ஒரு முக்காலியைக் கூடவே தூக்கிக்கொண்டு அலைந்தார்.

இதனால் நிலையம் திறந்த நாளிலிருந்து அதன் தரையை யாரும் பார்த்ததில்லை. கூட்டுகிறவர் ஞாபகத்தில் கூட்டினார். நடக்கும்போது காலடியில் மாத்திரைகள் நொறுங்கின, பேனாக்கள் உருண்டன. ஒரு மூலையில் யாருடையதோ பல்செட் ஒன்று பல நாளாகச் சிரித்துக்கொண்டு கிடந்தது. இதையெல்லாம் பார்த்தது சலூன்காரரின் மனைவி மட்டும்தான். அவளுக்கும் ஒரு பட்டை நீட்டினார்கள். எனக்குக் கழுத்து நல்லாத்தான் இருக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவளை 'ஒத்துழைக்காத உறவினர்' என்று குறித்துக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள்.

தலையாட்டுவதும் கூடாது. ஆமாம் என்பதற்கு 'சம்மதம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லை என்பதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று சலூன்காரர் கேட்டார். இல்லை என்கிற எண்ணம் வந்தாலே கழுத்து தானாகப் பக்கவாட்டில் அசைந்துவிடும், அது நரம்புக்கு ஆகாது, ஆகவே அதற்கு வார்த்தை எதுவும் வைக்கவில்லை என்று பதில் வந்தது. சலூன்காரர் சம்மதம் என்றார்.

புதிதாகச் சேர்ந்தவர்களை வரவேற்று இயக்குநர் பேசினார். ஆள் நல்ல உயரம், பட்டை வேறு சேர்ந்ததில் கொடிக்கம்பம் நடந்து வருவதுபோல் வந்தார்.

"இங்க சேர்ந்த ஒருத்தருக்குக்கூட இன்னைக்கு வரைக்கும் ஆபரேஷன் நடந்ததில்ல," என்று ஆரம்பித்தார். "எப்படின்னு எல்லாரும் கேக்குறாங்க. ரொம்பச் சுலபம். ஒருத்தருக்கு ஆபரேஷன் தேவைப்படுதுன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே அவர் நம்ம நோயாளி கிடையாது. இந்தக் கொள்கையில நான் ஒருநாளும் வளைஞ்சு கொடுத்ததில்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். சலூன்காரருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. இத்தனை நாளாக நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்த கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்த மாதிரி இருந்தது அவருக்கு. பயந்த மனிதனிடம் பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்பதை அவன் யோசிப்பதில்லை, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று மட்டும்தான் பார்க்கிறான்.

கூடத்தின் நீளமான சுவர் முழுக்கப் படங்கள் மாட்டியிருந்தன. பூரண குணமடைந்து இனி வரத் தேவையில்லாதவர்களாம். எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தது எல்லாம் மார்புக்கு மேலேதான்.

சிகிச்சை தொடங்கியது. காலையில் தாடையில் வாரைக் கட்டி, பின்னால் எடையைத் தொங்கவிட்டுக் கழுத்தை இழுப்பார்கள். வெளியே டாக்டர்கள் அளவறிந்து, ஆளறிந்து செய்கிற காரியம் அது. இங்கே நிலைய ஆண்டு விழா நெருங்க நெருங்க எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அதன் பிறகு 'சுருக்கத்தோடு சமரசம்' என்று ஒரு வகுப்பு. ஒவ்வொருவரும் தன் கழுத்துக்குள் நரம்பை நெருக்குகிற சுருக்கத்தை ஒரு உறவுக்காரராக நினைத்து, இடம் விடும்படி பக்குவமாகக் கேட்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருந்த தையல்காரர், "மச்சான், நரம்புக்குக் கொஞ்சம் வழி விடுங்க," என்பார். சலூன்காரர் மரியாதை தெரிந்தவர். "அண்ணே, சித்த தள்ளி உக்காருங்கண்ணே," என்று தினமும் கெஞ்சினார். அண்ணன் அசைந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும், வலி குறைந்தது. எலும்பு டாக்டர் தந்த மாத்திரையும், கடையில் கொஞ்சம் ஓய்வும் தம் வேலையைச் செய்தன. நல்ல பெயர் நிலையத்துக்குப் போனது. சாயங்காலம் நிலையத்தின் ஆலோசகர் அம்மாள் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்பார். அனுமதிக்கப்பட்ட பதில்கள் இரண்டு. 'பரவாயில்லை' என்பது ஒன்று, 'ரொம்பப் பரவாயில்லை' என்பது மற்றது. சலூன்காரர் இரண்டாவதைச் சொல்லத் தொடங்கியபோது அவருக்கு நீலப் பட்டையை மாற்றி வெள்ளைப் பட்டை கொடுத்துக் கௌரவித்தார்கள்.

வெள்ளைப் பட்டை கிடைத்த அதே வாரம் கடையில் சீப்பு கீழே விழுந்தது. விழுவது என்ன பெரிய விஷயம், எடுத்துத் துடைத்துக்கொண்டார். மறுபடி விழுந்தது. அப்புறம் கத்தரிக்கோல். பிறகு ஒருநாள், வழக்கமாக வருகிற பேங்க் காசாளர் கண்ணை மூடித் தொண்டையைக் காட்டிக்கொண்டு கிடந்தபோது, சலூன்காரரின் கையிலிருந்த கத்தி அவரைக் கேட்காமல் ஒரு நூல் அளவு தள்ளிப் போனது. நுரையில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. காசாளருக்கு உறைக்கவே இல்லை, தூக்கக் கலக்கத்தில் கிடந்தார். ரத்தத்தை நிறுத்தச் சலூன்காரர் படிகாரக் கல்லுக்குக் கை நீட்டினார். முதலில் கல்லை எடுத்தது போல இருந்தது, பார்த்தால் கை வெறுமையாக இருந்தது. இரண்டாம் தடவை பார்த்துப் பார்த்துத்தான் எடுத்து ஒற்ற முடிந்தது. காசாளர் எழுந்து முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, வழவழன்னு இருக்கு என்று பாராட்டிவிட்டுப் போனார். சலூன்காரர் கத்தியை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, ரொம்ப நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வகுப்பில் தையல்காரர் குரலைத் தாழ்த்தி, "ஊசியில நூல் கோக்க முடியலங்க. கண்ணு நல்லாத்தான் தெரியுது. விரல்தான் கேக்க மாட்டேங்குது," என்றார். சலூன்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்கும்தான் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் போல இருந்தது. தையல்காரர் நிஜமாகவே ஆலோசகர் அம்மாளிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

அதற்கு மறுநாள் தையல்காரரின் நாற்காலி காலியாக இருந்தது. சுவரில் அவர் படம் தொங்கியது.

"குணமாயிட்டார்," என்றார் ஆலோசகர் அம்மாள்.

"நேத்து அவருக்கு நூலே கோக்க முடியலையேம்மா."

"அதனாலதான் குணமாயிட்டார்."

சலூன்காரர் படத்தைப் பார்த்தார். தையல்காரர் எதையோ கேட்க வந்து நின்றுவிட்டவர் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முதல் சலூன்காரர் அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் நடையை எட்டிப் போட்டார். எட்டிப் போடும்போது கால் கொஞ்சம் பின்னியது, அதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். சட்டைப் பொத்தான் போட முடியாமல் போன காலையில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஆலோசகர் அம்மாளின் அறைக்குப் போனார். கை சரியாக வேலை செய்யவில்லை என்றார். அம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, இது கழுத்து நிலையம், கை எங்கள் பொறுப்பில் வராது என்று அன்பாகச் சொன்னார். கழுத்துக்கும் கைக்கும் நரம்பு ஒன்றுதானே, எலும்பு டாக்டர் அப்படித்தானே சொன்னார் என்று சலூன்காரர் இழுத்தார்.

"சரி, காட்டுங்க, பாக்குறேன்," என்றார் அம்மாள்.

சலூன்காரர் கையை நீட்டினார். மேசைக்கு மேல் அது விரல்கள் அரைகுறையாக மடங்கிக் கிடந்தது. அம்மாளால் அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். கொஞ்சம் மேலே தூக்கும்படி சொன்னார். சலூன்காரர் தூக்கினார். தோளுக்கு வந்ததும் அம்மாள் பதறிப்போய் நிறுத்தினார், தோளுக்கு மேல் கை தூக்குவது விதிப்படி கூடாது, கழுத்து இறுகும். ஆக, தோளுக்குக் கீழே இருக்கிற கையை அவர் பார்க்கக் கூடாது, தோளுக்கு மேலே கையை இவர் தூக்கக் கூடாது. இரண்டு பேரும் சற்று நேரம் நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்குத் தெரிஞ்சு உங்ககிட்ட குறை எதுவும் தெரியல," என்றார் அம்மாள். "பரவாயில்லையா, ரொம்பப் பரவாயில்லையா?"

அவர் பின்னால் இருந்த ஜன்னல் வழியே கூடத்துச் சுவரில் தையல்காரரின் படம் தெரிந்தது. சலூன்காரர் ரொம்பப் பரவாயில்லை என்றார்.

அன்று வீட்டு வாசலில் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு செருப்பு எங்கங்க?" என்றாள்.

செருப்பு கழன்றதே அவருக்குத் தெரியாது. வெயிலில் தார் ரோட்டில் அவ்வளவு தூரம் ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறார், தெரியாது. மனைவி அவர் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துத் துடைத்தாள். அவள் அழுகிறாள் என்பதைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டார், பட்டை குனிய விடவில்லை.

"டாக்டர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டாள். "பிடி குறைஞ்சா, நடை தடுமாறினா ஓடி வாங்கன்னார். நீங்க ஓடவே முடியாத அன்னைக்குத்தான் போவீங்களா?"

"எனக்குப் பயமா இருக்கு," என்றார் சலூன்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னதில்லை. "கத்தி பிடிக்கிறவன் கை எப்படி எப்படி எல்லாம் இருக்கும்னு எனக்குத் தெரியும். என் கைய நானே நம்ப முடியல. இன்னொருத்தன் கைய நம்பிக் குப்புறப் படுன்னா எப்படிப் படுக்குறது?"

மனைவி அவர் சட்டையைக் கழற்ற உதவினாள். ஆண்டு விழா முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அவர் பயத்துக்கு அது ஒரு நல்ல சாக்காக அமைந்தது.

ஆண்டு விழாவில் கௌரவிக்கப்படப் போகிறவரும் அவர்தான். தொழில் முழுக்கக் குனிந்தே நின்ற ஒருவரை நிமிர்த்திக் காட்டிவிட்டோம் என்பதில் இயக்குநருக்கு அப்படி ஒரு பெருமை. விழாவன்று காலை மனைவி அவருக்குச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள், புதுச் செருப்பை மாட்டிவிட்டாள், இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை, இருக்கிறது என்றார்.

கூடம் நிறைந்திருந்தது. வெள்ளையும் நீலமுமாகப் பட்டைகள் வரிசை கட்டி நின்றன. ஒரு தலையும் இப்படி அப்படித் திரும்பவில்லை. மனைவி வழக்கம்போலக் கடைசி வரிசையில். சலூன்காரர் மேடைப் படிகளைக் குருடனைப் போலத் துழாவி ஏறினார். எங்கோ ஒரு படியில் செருப்பு கழன்றது, அவருக்குத் தெரியாது.

இயக்குநர் மைக்குக்கு முன்னால் நின்று பேசினார். "இவருக்கு வலி இருந்துச்சு. இப்ப இல்ல. கை சரியில்லன்னு நடுவுல ஏதோ சொன்னதா ஆலோசகர் சொன்னாங்க. நான் கேக்குறேன், கழுத்து நிமிர்ந்து நிக்கிறவருக்குக் கையைப் பத்தி என்ன கவலை? நம்ம நிலையத்துல கீழ நடக்குறத நாம பாக்குறதில்ல. பாத்திருந்தா இவ்வளவு சாதிச்சிருக்க முடியுமா?"

கைதட்டல் ஓய்ந்ததும் பரிசை நீட்டினார். கண்ணாடியில் வார்த்த கழுத்தெலும்பு, நல்ல கனம். சலூன்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதாக நினைத்தார். கீழே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. ஐயோ, யாரோ எதையோ போட்டு உடைத்துவிட்டார்கள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. விரல்கள் இன்னும் பரிசைப் பிடித்துக்கொண்டிருப்பதாகவே அவருக்கு இருந்தது.

கூடத்தில் ஒருவரும் கீழே பார்க்கவில்லை.

"வெளியில ஏதோ சத்தம்," என்றார் இயக்குநர். "நாம நம்ம வேலையப் பாப்போம்." சலூன்காரரின் தோளைத் தட்டி, மேடையில் நாற்காலி போட்டிருந்த பக்கம் போகச் சொன்னார். சலூன்காரர் நடந்தார். காலடியில் ஏதோ நொறுங்கியது. அந்தத் தரையில் நடந்தால் எப்போதும்தான் ஏதாவது நொறுங்கும்.

பின்னாலிருந்து ஒருத்தி ஓடி வருகிற சத்தம். மேடை மேல் ஏறி அவர் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டது அவர் மனைவிதான்.

"நில்லுங்க. அசையாதீங்க. கால்ல கண்ணாடி ஏறியிருக்கு."

"எந்தக் கால்ல?" என்றார் சலூன்காரர்.

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவருக்கே உறைத்தது. மனைவி எழுந்து அவர் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒட்டுப்பட்டை பிரிகிற சத்தம் ஒலிபெருக்கி வழியாகக் கூடம் முழுக்கக் கேட்டது. சலூன்காரர் மெதுவாகக் குனிந்து பார்த்தார். எத்தனை நாளைக்கு அப்புறம் அவர் தன் காலைப் பார்க்கிறார். வலது கால் வெறுங்கால். பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு செருகி நின்றது. அவர் நடந்து வந்த வழியெல்லாம் சிவப்பாகத் தடம், மாத்திரைகளுக்கும் பேனாக்களுக்கும் நடுவே. வலித்திருந்தால் அவர் கத்தியிருப்பார், கத்தியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். எதுவுமே இல்லை. அந்தக் கால் யாருடையதோ. அதுவரை அவர் கத்திக்குப் பயந்ததெல்லாம் இந்தப் பயத்துக்கு முன்னால் விளையாட்டு.

"நான் எதிர்ல இருக்குற ஆபரேஷன் கட்டடத்துக்குப் போகணும்," என்றார். குரல் மைக்கில் விழுந்தது.

அந்தக் கட்டடத்தின் பெயரை அங்கே யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இயக்குநர் முகம் ஒரு கணம்கூட மாறவில்லை.

"அன்பர்களே," என்றார், "இந்த நிமிஷத்திலிருந்து இவர் பூரண குணம். எல்லாரும் கைதட்டுங்க."

எல்லோரும் தட்டினார்கள். நிலையத்தின் புகைப்படக்காரர் ஓடிவந்து சலூன்காரருக்கு எதிரே நின்று, "கொஞ்சம் சிரிங்க சார். கால் தெரியாது, மேலதான் எடுக்குறேன்," என்றார்.

சாலையைக் கடக்க அவருக்கு நெடுநேரம் ஆனது. மனைவியின் தோளில் சாய்ந்தபடி, காலில் அவள் முந்தானையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். எதிர்க் கட்டடத்தில் முதலில் காலைத் தைத்தார்கள். ஊசி ஏறுவது தெரியவில்லை. அப்புறம் ஒரு வராந்தாவில் பெஞ்சு காட்டி உட்காரச் சொன்னார்கள்.

உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார். எதிர்ப் பெஞ்சில் இருந்த எல்லா முகமும் தெரிந்த முகமாக இருந்தது. எங்கே பார்த்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நிலையத்துச் சுவரில் படமாகத் தொங்கியவர்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், மார்புக்குக் கீழேயும் சேர்த்து. ஒருவர் கையில் ஊன்றுகோல், ஒருவர் சக்கர நாற்காலியில். கடைசியில் கழுத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு தையல்காரர்.

"வந்துட்டீங்களா," என்றார் தையல்காரர். "உக்காருங்க. நாளைக்கு உங்க படத்தையும் மாட்டிடுவாங்க."

கை எப்படி இருக்கிறது என்று சலூன்காரர் கேட்டார். தையல்காரர் விரல்களை மடக்கி விரித்துக் காட்டினார். கொஞ்சம் தேறியிருக்கிறது, நூல் கோக்கிற அளவுக்கு வருமா என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, மேலே கெடாது என்கிறார்கள் என்றார். வெட்டினது வலித்ததா என்று சலூன்காரர் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் வரவில்லை.

உள்ளே ஆபரேஷன் டாக்டர் ஒரு அம்மாள், நடுவயது. கழுத்தில் பட்டை இல்லை. அவர் செய்த முதல் காரியம் குனிந்ததுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு, சலூன்காரரின் கையைத் தன் கையில் வாங்கி, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார். கையை வேகமாக மூடித் திறக்கச் சொன்னார். மூடுவது மூடியது, திறப்பது சோம்பல் முறித்துத் திறந்தது. கால் விரலைப் பிடித்து மேலே மடக்கியிருக்கிறேனா கீழேயா என்று கேட்டார். சலூன்காரர் தப்பாகச் சொன்னார்.

"போனதெல்லாம் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். "இதுக்கு மேல போகாம நிறுத்தலாம், கொஞ்சம் திரும்பினா லாபம். இன்னும் முன்னாடியே வந்திருந்தா..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

சலூன்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தை ஒட்ட வெட்டிய சின்னக் கை.

"காலையில வீட்டுல சண்டை போட்டுட்டு வருவீங்களா?" என்று கேட்டார்.

டாக்டருக்குப் புரியவில்லை. அவர் சலூன் வெச்சிருக்கார், அதான் அப்படிக் கேக்குறார் என்று மனைவி சங்கடத்தோடு சொன்னாள். டாக்டர் தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"போடுவேன்," என்றார். "அன்னைக்கு உங்கள மேசைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். மறுநாள் வெச்சுக்குவேன்."

இத்தனை நாளில் கழுத்தைப் பற்றி அவரிடம் எல்லோரும் சொன்ன விஷயங்களில் சலூன்காரருக்கு முழுசாக நம்பத் தோன்றியது இது ஒன்றுதான். பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

"சம்மதமா?" என்று கேட்டார் டாக்டர்.

நிலையத்தில் எத்தனையோ தடவை சலூன்காரர் உரக்கச் சொன்ன வார்த்தை, இப்போது வரமாட்டேன் என்றது. மனைவி அவருடைய பிடரியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அவர் கண்ணை மூடித் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். கழுத்து சுருக்கென்று வலித்தது.